எழுபதாயிரம் ரூபா போனும் எங்க அக்கா சங்கிலியும்

மூணு வாரமா ஒண்ணும் எழுத முடியல. கவாத்து முடிஞ்சு பந்தல்ல துளிர் வந்துக்கிட்டு இருக்கு. ராத்திரி பனி, பகல்ல வெயில். இந்த நேரத்துல செவட்டை எப்ப வரும்னு இலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருக்கணும். இதுக்கு நடுவுல என் போனும் படுத்துருச்சு. புதுசு எந்த விலைக்கு வாங்குறதுன்னு வீட்டுல ஒரு வாரம் பேச்சு ஓடுச்சு. அந்தப் பேச்சுல கிளம்புன பதிவு இது.

எங்க ஊர் டீக்கடையில உக்காந்தா இந்த ஒரு வசனம் தினமும் காதுல விழும். "கூலிக்குப் போறவன் கையில பாருய்யா, எழுபதாயிரம் போனு." சொல்றவரு பெரும்பாலும் நல்ல வசதிக்காரரா இருப்பாரு. ஏலத்தோட்டம் வச்சிருக்கவரு ஒன்றரை லட்சத்துக்குப் போன் வாங்குனா யாரும் கேக்குறதில்ல. மேட்டுக்கு ஜீப்புல ஏறி ஏலக்காய் எடுக்கப் போற பிள்ளை வாங்குனா மட்டும் ஊரே கணக்குப் போடுது. இந்த வசனம் எனக்கு ரொம்ப நாளாவே பிடிக்காது. ஆனா எங்க வீட்டுக்குள்ளேயே அது வந்து நின்னப்ப பதில் சொல்றது லேசா இல்ல. அதைப் பின்னாடி சொல்றேன்.

செல்போன்ங்கிறது முதல்லயிருந்தே அந்தஸ்தோடதான் வந்துச்சு. 1995 ஜூலை 31ந் தேதி மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவுல இருந்து டெல்லியில மத்திய அமைச்சர் சுக்ராமோட பேசுனதுதான் இந்தியாவுல முதல் செல்போன் பேச்சு. அப்ப ஒரு நிமிஷத்துக்கு 16 ரூபா வரைக்கும் ஆகும். நமக்கு வர்ற போனை எடுத்தாலும் காசு. 2003ல தான் வர்ற அழைப்புக்குக் காசு இல்லைன்னு ஆச்சு. எங்க பக்கம் முதல்ல வாங்குனவங்க கமிஷன் கடைக்காரங்க. மெல்லிசு வெள்ளைச் சட்டைப் பையில வச்சிருப்பாங்க. வெளியே தெரியணும்ல.

அப்புறம் நோக்கியா 1100 வந்துச்சு, 2003ல. அதைப் பத்தி ஒரு பதிவே தனியா எழுதலாம். தலைமாட்டுல டார்ச் லைட்டு, தூசி போகாத பட்டன், கையில வழுக்காத ஓரம். நம்ம மாதிரி ஊரை மனசுல வச்சுச் செஞ்ச போன். உலகம் பூரா 25 கோடிக்கு மேல வித்துச்சு. ராத்திரி பன்னண்டு மணிக்கு மும்முனைக் கரண்டு வந்து தண்ணி பாய்ச்சப் போனவனுக்குத்தான் அந்த டார்ச்சோட அருமை தெரியும். அந்தப் போன் காலத்துல பணக்காரன், ஏழை வித்தியாசம் போன்ல பெருசா இல்ல. கமிஷன் கடைக்காரர் கையிலயும் அதுதான், மாடு மேய்க்கிறவர் கையிலயும் அதுதான். நோக்கியாக்காரங்க 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல பெரிய தொழிற்சாலை போட்டாங்க. 2014 நவம்பர் 1ந் தேதியோட அதை மூடிட்டாங்க. இன்னைக்கு அதே ஸ்ரீபெரும்புதூர்ல ஐபோன் செய்யிறாங்க. எங்க மருமகன் கதைக்கு இது வேணும், ஞாபகம் வச்சுக்கங்க.

சரி, விலை கம்மியா ஒண்ணு இருக்கையில விலை கூடினதை ஏன் வாங்குறாங்க? "பவுசுக்கு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிரலாம். பாதி உண்மை அது. மீதிப் பாதியைப் பாப்போம்.

எனக்கு முன்னாடி இருந்தது எட்டாயிரம் ரூபா போன். முதல் வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. ரெண்டாம் வருஷம் இடம் நிறைஞ்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பேரன் போட்டோவை அழிக்கிறதா, கமிஷன் கடைச் சீட்டு போட்டோவை அழிக்கிறதான்னு நித்தம் ஒரு பஞ்சாயத்து. சார்ஜர் குத்துற இடம் லூசாகி, வயரை ஒரு பக்கமா மடக்கி மேல ஒரு பித்தளைச் சொம்பை வச்சாத்தான் ஏறும். மூணாவது வருஷம் சில ஆப்பு "உங்க போன்ல நான் ஓட மாட்டேன்"னுருச்சு. தேனிக்குக் கொண்டுபோய்க் கேட்டா, "சரி பண்ற காசுக்குப் புதுசே வாங்கலாம்ணே"ங்கிறான் கடைப் பையன். அப்ப எட்டாயிரத்தை மூணால வகுத்துப் பாருங்க. பதினாறாயிரம் போட்டு அஞ்சு வருஷம் ஓட்டுறவன் வருஷத்துக்கு மூவாயிரத்து இருநூறுதான். எனக்கு வருஷத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறு சொச்சம். வித்தியாசம் ஐநூறு ரூபா. அந்த ஐநூறுக்கு நான் பட்ட பாடு சொம்புக்குத்தான் தெரியும்.

கேமராவைச் சொல்லணும். கேமரா செல்ஃபிக்குன்னு நினைக்கிறவங்க பந்தலுக்குள்ள வந்து பாக்கணும். இலைக்கு மேல மஞ்சள் பொட்டு விழுது, கீழ வெள்ளையாப் பூத்திருக்கு. அது அடிச்சாம்பலா, மேல் சாம்பலா, இல்ல சத்துக் குறைவான்னு தெரிஞ்சாத்தான் எந்த மருந்துன்னு முடிவு பண்ண முடியும். ஆனைமலையன்பட்டியில திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, தோட்டக்கலைத் துறை ஆளுங்க இருக்காங்க. வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்புனா பாத்துச் சொல்றாங்க. ஆனா என் எட்டாயிரம் ரூபா போன்ல எடுத்தா எல்லா இலையும் மஞ்சளாத்தான் தெரியும். "அண்ணே, கொஞ்சம் தெளிவா எடுத்து அனுப்புங்க"ன்னு திருப்பிக் கேப்பாங்க. அதே மாதிரி கேரளா வியாபாரி. கொத்தோட நிறத்தைப் போட்டோவுல பாத்துத்தான் விலை பேச்சே ஆரம்பிக்கிறாரு. கருநீலமா முத்துன பன்னீர் திராட்சை மங்கலாத் தெரிஞ்சா கிலோவுக்கு ரெண்டு ரூபா கேள்வி கம்மியாகும். நம்ம பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. ஆனா வியாபாரி குறியீட்டைப் பாத்து விலை போடுறதில்ல, போட்டோவைப் பாத்துத்தான் போடுறாரு.

இன்னொரு காரணம் நம்ம எல்லாருக்கும் உள்ளது. உள்ள என்ன இருக்குன்னு தெரியாதப்ப விலையைத்தான் அடையாளமா எடுத்துக்கிறோம். மருந்துக் கடையில நாம என்ன செய்யிறோம்? ஒரே மருந்து, உள்ள இருக்க ரசாயனம் ஒண்ணுதான், ஒரு கம்பெனி முந்நூறு, இன்னொரு கம்பெனி ஐநூறு. கை ஐநூறுக்குத்தான் போகுது. ஏன்னா மருந்து கேக்கலன்னா போறது இருநூறு ரூபா இல்ல, நாலு மாசப் பாடு. விதையிலயும் அப்படித்தான். அப்படியிருக்க, போன் கடைக்குப் போற பையன் இருபது போனையும் வரிசையா வச்சுப் பாத்தா அவனுக்கு என்ன தெரியும்? ராம்ங்கிறான், மெகாபிக்சல்ங்கிறான். எல்லாம் எண்ணு. விலை மட்டும்தான் புரியிற எண்ணு. இதே பழக்கம் நம்மளையே திருப்பி அடிக்குது, அது வேற விஷயம். மதுரையில பழக்கடைக்கு வர்ற ஜனம் பெட்டியில அடுக்குன விதையில்லாத திராட்சையை விலை கூடங்கிறதாலயே உசத்தின்னு வாங்குது. பக்கத்துல நம்ம பன்னீர் திராட்சை வாசமா இருக்கு, விதை இருக்குன்னு ஒதுக்குது. விலை கூடினதைத் தேடிப் போறவங்களால நட்டப்படுற ஆளுல நானும் ஒருத்தன்.

ரொம்ப மலிவுன்னு பேர் வாங்குனாலும் ஜனம் ஒதுங்கிரும். டாடா நானோ காரை 2008 ஜனவரியில காட்டுனாங்க, ஒரு லட்ச ரூபா கார்னு. நாடே பேசுச்சு. பத்து வருஷத்துல தயாரிப்பு நின்னுபோச்சு. காரணம் பல இருக்கலாம். ஆனா மலிவான கார்னு முத்திரை விழுந்ததுதான் தப்பாப் போச்சுன்னு ரத்தன் டாடாவே பின்னாடி சொன்னாரு. ஏழைக்குன்னு செஞ்சதை ஏழை வாங்க மாட்டான். அவன் இருசக்கர வண்டியில இருந்து ஏறி உக்காரணும்னு நினைச்சது காருக்குள்ள. "ஏழைங்க கார்"க்குள்ள இல்ல. 2016 பிப்ரவரியில 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன்னு ஒண்ணு விளம்பரம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கோடிக்கணக்குல பதிவு பண்ணாங்கன்னு கம்பெனியே சொல்லுச்சு. கடைசியில அது வழக்கு, கைதுன்னு போச்சு. அதுக்கப்புறம் மலிவுன்னாலே ஒரு சந்தேகம். 2017ல 1500 ரூபா டெபாசிட்டுக்கு ஜியோ பட்டன் போன் வந்துச்சு. அது நல்லாத்தான் ஓடுச்சு, எங்க ஊர்ப் பெரியவங்க நிறைய பேரு வாங்குனாங்க. ஆனா இளவட்டம் ஒருத்தன்கூடக் கையில வச்சு நான் பாக்கல.

இதுக்கெல்லாம் மேல தவணை. கையில எழுபதாயிரம் எண்ணிக் குடுக்கணும்னா நம்ம ஊர்ல பத்துப் பேருக்கு எட்டுப் பேரு பின்வாங்கிருவாங்க. மாசம் மூவாயிரம்னா? "என்ன, நூறு ரூபா ஒரு நாளைக்கு"ன்னு கணக்கு மாறிப்போகுது. கடையில விலையே சொல்றதில்ல இப்ப, தவணையைத்தான் சொல்றான். வட்டி இல்லைன்னு வேற போர்டு. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டுருச்சு. எங்கேயாவது ஒரு இடத்துல அதைச் சேத்திருப்பான். ரொக்கத்துக்குக் குடுக்க வேண்டிய தள்ளுபடியைத் தராம வச்சிருப்பான், இல்ல கட்டணம்னு ஒண்ணைப் போட்டிருப்பான். தவணையில வாங்கப் போறவங்க "ரொக்கமாக் குடுத்தா என்ன விலைக்குத் தருவீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. ரெண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி. தவணை தவறுனா போனையே பூட்டுற மாதிரி ஆப் போட்டுக் குடுக்குற கடன்காரங்களும் இருக்காங்க. அந்தக் காலத்துல கந்துக்காரன் வாசல்ல வந்து நிப்பான், இப்பப் பைக்குள்ளயே உக்காந்திருக்கான்.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன்.

என் அக்கா மகன், எனக்கு மருமகன். ஐ.டி.ஐ. முடிச்சிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் கம்பெனியில ஒப்பந்த வேலை. பிடித்தம் போகக் கையில வாங்குறது பதினஞ்சாயிரம். அவன் படிப்புக்கும் முதல் ரெண்டு மாசம் அங்க தங்குற செலவுக்கும் அக்கா தாலிச் சங்கிலியை அடகு வச்சிருந்துச்சு. நாலு பவுன். தாலியை மஞ்சக் கயித்துல கோத்துப் போட்டுக்கிட்டு பந்தல் வேலைக்கு வரும். வருஷா வருஷம் வட்டியைக் கட்டி மாத்தி வைக்கிறதோட சரி. மச்சானுக்கு முட்டி வலி, ரொம்ப நாளா வேலைக்குப் போறதில்ல.

2024 தீபாவளிக்குப் பையன் வந்தான். கையில ஐபோன் 15. அந்த வருஷம் செப்டம்பர்ல புது மாடல் வந்ததால பழசு விலை இறங்கி 69,900. இருபத்தி நாலு மாசத் தவணை. அக்கா கூலி அன்னைக்கு நாள் ஒண்ணுக்கு நானூறு ரூபா. நூத்தி எழுபத்தஞ்சு நாள் கொத்து வெட்டுனா ஒரு போன். அக்கா படிக்காதது, ஆனா இந்தக் கணக்கை என்கிட்டச் சொன்னது அதுதான். சொல்லிட்டு, "தம்பி, சங்கிலியைத் திருப்பிட்டு வாங்கியிருந்தா நான் ஒரு வார்த்தை சொல்லுவேனா? நீ கேளு அவன்கிட்ட. உன் பேச்சுன்னா கேப்பான்"னு அழுதுச்சு.

கேட்டேன். தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போய், மோட்டார் ரூமு திண்டுல உக்கார வச்சு, சத்தம் போடாமத்தான் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அப்புறம் சொன்னான்.

"மாமா, ஒரு ஷிப்டுக்கு எத்தனை போன் என் கை வழியாப் போகுதுன்னு தெரியுமா? நான் பாக்குறது ஒரே ஒரு இடம். மத்ததெல்லாம் வேற ஆளு. சொந்தப் போனை உள்ள கொண்டுபோக முடியாது. வெளிய வரும்போது சோதனை போடுவாங்க. ரூமுக்கு வந்தா என் கையில கண்ணாடி உடஞ்ச பத்தாயிரம் ரூபா போனு. ரெண்டு வருஷம் மாமா. நான் செஞ்சது எப்படி இருக்கும்னு முழுசா ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்ததில்ல."

எனக்குப் பதில் வரல. நெல்லு விளைய வச்சவன் ரேஷன் அரிசி திங்கிற மாதிரிதான் இதுவும்னு தோணுச்சு. 2023 செப்டம்பர் 22ந் தேதி ஐபோன் 15 உலகத்துல விற்பனைக்கு வந்த அன்னைக்கே இந்தியாவுல செஞ்சதும் கடைக்கு வந்துச்சு. அப்ப நம்ம நாட்டுல 79,900 ரூபா. அமெரிக்காவுல 799 டாலர், அன்னைய மதிப்புக்கு அறுபத்தாறாயிரம் சொச்சம். அவங்க ஊர் வரி அதுல சேராது, நம்ம விலையில 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ள இருக்கு, அது ஒரு காரணம். எப்படிப் பாத்தாலும் நம்ம பிள்ளைங்க நம்ம ஊர்ல பூட்டுற சாமான் எட்ட இருக்கிறவனுக்குச் சகாயம், பக்கத்துல இருக்கிறவனுக்கு ஒசத்தி. பன்னீர் திராட்சையிலாவது தோட்டக்காரன் வேணுங்கிற மட்டும் தின்னுக்கலாம்.

அவன் இன்னொண்ணும் சொன்னான். "வீடு, காரு, நிலம் இதுல எதுலயும் பெரிய ஆளுக்குச் சரிசமமா நான் வாங்க முடியாது மாமா. போன் ஒண்ணுதான். பெரிய முதலாளி வச்சிருக்கிறதும் இதே போனுதான். அவருக்குன்னு தனியா ஒசத்தியா செய்ய மாட்டாங்க, செய்யிறது நாங்கதானே." பொண்ணு பாக்கப் போற இடத்துலயும், ரூமுல கூட இருக்க பையங்க மத்தியிலயும் கையில இருக்க போனைப் பாத்துத்தான் பேச்சே நடக்குதுன்னான். இது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். செய்முறை எழுதுற இடத்துல, ஆபீசு வாசல்ல, ஆளைப் பாத்து நாற்காலி போடுற ஊர்தான நம்ம ஊரு.

ஆனாலும் ஒண்ணைச் சொன்னேன் அவன்கிட்ட. எங்க அப்பத்தா காதுல தண்டட்டி போட்டிருந்துச்சு. காது தோள் வரைக்கும் தொங்கும். அதுவும் பவுசுதான், அடுத்த தெருக்காரி பாக்கணும்னு போட்டதுதான். ஆனா பருவம் பொய்ச்ச வருஷம் தண்டட்டியைக் கழட்டி வச்சு வெதநெல்லு வாங்குனாங்க. நம்ம பெரியவங்க பவுசையும் சேமிப்பையும் ஒரே சாமான்ல வச்சாங்க. நகை, மாடு, வெங்கலப் பானை எல்லாம் அப்படித்தான். போன்ல பவுசு இருக்கு, சேமிப்பு இல்ல. பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே விலை இறங்கிரும். ஐபோன்னா மத்ததை விடக் கொஞ்சம் மெதுவா இறங்கும், பழசைக் குடுத்துப் புதுசு வாங்குறவங்க அதைத்தான் சொல்றாங்க. இறங்குறது இறங்குறதுதான். "நீ போன் வாங்குனது தப்புன்னு நான் சொல்லல. உங்க அம்மா கழுத்துல இருந்தது போன வெலைக்கும் இன்னைக்கு வெலைக்கும் பாரு. உன் கையில இருக்கிறது ரெண்டு வருஷம் கழிச்சு என்ன வெலைக்குப் போகும்னு நீயே கணக்குப் பண்ணு. தவணையோட தவணையா மாசம் ரெண்டாயிரம் சங்கிலிக்கு ஒதுக்கு"ன்னேன். தலையை ஆட்டுனான். முதல் ஆறு மாசம் அனுப்புனான், அப்புறம் ஓவர்டைம் இல்லைன்னு நின்னு போச்சு. அக்கா என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.

இந்தப் பொங்கலுக்கு வந்தப்ப அவங்க அம்மாவைப் பந்தலுக்குக் கீழ நிக்க வச்சு போட்டோ எடுத்தான். நல்ல போன்தான், அதுல சந்தேகமே இல்ல. அக்கா முகத்துல இருக்க ஒவ்வொரு சுருக்கமும் தெரியுது, பின்னாடி கொத்துல படிஞ்ச வெள்ளை மாவு தெரியுது, கழுத்துல சாயம் போன மஞ்சக் கயிறு நூல் நூலாத் தெரியுது. பெருசு பண்ணி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தான். நான் ஒண்ணும் பேசல. ஊருக்குப் போன மறு மாசம் பத்தாயிரம் அனுப்பியிருக்கான். எங்கேயோ சீட்டுல தள்ளி எடுத்தானாம். அக்கா நேரா சங்கத்துல கொண்டுபோய்க் கட்டிருச்சு. இன்னும் பாதிக்கு மேல பாக்கி இருக்கு. போனுக்கு எட்டுத் தவணை பாக்கி.

நான் என்ன வாங்குனேன்னு கேப்பீங்க. தேனிக்குப் போயி ரொக்கத்துக்குப் பேரம் பேசி பதினாறாயிரத்து ஐநூறுக்கு ஒண்ணு எடுத்தேன். வெயில்ல திரை தெரியணும், இலையோட அடிப்பக்கம் கிட்டத்துல தெளிவா விழணும், இந்த ரெண்டை மட்டும் கடை வாசல்ல வெயில்ல நின்னு பாத்துக்கிட்டேன். கடைக்காரப் பையன் பையில இருந்து ஒரு வேப்பிலைக் கொத்தை எடுத்து நான் போட்டோ எடுக்குறதைப் பாத்துச் சிரிச்சான். மோட்டாரைப் போட்டு நிறுத்துறதுக்குப் பழைய பட்டன் போனு ஒண்ணு தனியா இருக்கு, அது பத்து வருஷமா ஓடிக்கிட்டுதான் இருக்கு. புதுப் போன்ல எடுத்த முதல் படம் கிழக்குக் கடைசி வரிசை இலை. பாத்துட்டு செவட்டை ஆரம்பம்னு சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில பனி காஞ்ச உடனே மருந்து அடிக்கணும், ஆளு சொல்லியிருக்கேன்.